ரிப்போர்ட் நார்மல், தலை மட்டும் சுற்றுகிறது

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் சார் என்னிடம், "ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது பேசுங்க" என்றார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் கிளார்க்காக உட்கார்ந்திருந்தவன். அதனால் சர்க்கரைக்குப் பாகற்காய், மூட்டுவலிக்கு முடக்கத்தான் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு வாட்ஸ்அப்பில் ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு நேரடியாகத் தெரிந்த நோய் என்னுடையது மட்டும்தான். நாலு வருஷமாகக் கூடவே இருக்கும் தலைசுற்றல், அதோடு சேர்ந்து வந்த மண்டை மந்தம். இந்த இரண்டையும் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இது நம் நகரில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். காலை நடையில் பேச்சுவாக்கில் சொன்னபோது, "எனக்கும் இருக்கு சார்", "எங்க வீட்டம்மாவுக்கும்ணே" என்று ஒரே மாதத்தில் ஏழு பேர் வந்தார்கள். எல்லோரும் தவறாமல் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு. "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ரிப்போர்ட் நார்மல்." இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் வார்த்தையைச் சரி செய்துகொள்வோம். நம் ஊரில் எது வந்தாலும் "மயக்கமா வருது" என்போம். எழுந்தவுடன் கண் இருட்டினால் மயக்கம். அறையே ராட்டினம் போலச் சுற்றினால் மயக்கம். தோணியில் நிற்பதுபோல் கால் கீழே ஆடினால் மயக்கம். ராத்திரி தூங்காமல் மண்டை கனத்தாலும் மயக்கம். சினிமாப் பாட்டில் காதலுக்கும் அதே வார்த்தைதான். டாக்டருக்கோ இவை நாலும் நாலு தனித்தனிக் கணக்கு. காது, இதயம், ரத்தம், மூளை, மனம் என்று எந்தப் பக்கம் தேடுவது என்பதே நாம் சொல்லும் முதல் வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது மூன்று நிமிஷம். அதில் "மயக்கம்" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு வந்தால், கையில் ஒரு தலைசுற்றல் மாத்திரைச் சீட்டுதான் மிஞ்சும்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது அந்தச் சொல்லையே வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது, சில விநாடியா, சில மணியா, நாள் முழுக்கவா? எது செய்தால் வருகிறது, படுக்கையில் புரளும்போதா, எழும்போதா, கடைத்தெருவில் நடக்கும்போதா? கூட என்ன வருகிறது, காதில் இரைச்சலா, தலைவலியா, படபடப்பா? எப்படிச் சுற்றுகிறது என்பதைவிட எவ்வளவு நேரம், எதனால் என்பதற்குத்தான் இப்போது டாக்டர்கள் அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் பேரேடு மாதிரிக் கட்டம் போட்டு எழுதி வைத்தேன். தேதி, நேரம், எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன மாத்திரை போட்டேன். கடைசியில் எனக்கு வழி காட்டியது அந்த நோட்டுதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இல்லை.

நம் உடம்பு நேராக நிற்பதற்குப் பின்னால் நடப்பது ஒரு வங்கிக் கணக்குச் சரிபார்ப்புதான். வியாபாரியின் ரொக்கப் புத்தகம் ஒன்று, வங்கியின் பாஸ்புக் ஒன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? உடம்பில் மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எழுதுகின்றன. பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள் முன்னே பின்னே போவதையும் புவியீர்ப்பையும் எழுதுகின்றன. இதெல்லாம் சேர்ந்து ஒரு புத்தகம். கண் இரண்டாவது. பாதம், கணுக்கால், கழுத்துத் தசைகள் மூன்றாவது. மூளை விநாடிக்கு விநாடி மூன்றையும் ஒப்பிட்டு டேலி செய்கிறது. ஒத்துப்போகும்வரை இப்படி ஒரு வேலை நடப்பதே நமக்குத் தெரியாது. ஒன்றில் தப்பு என்ட்ரி விழுந்தால் தலை சுற்றும்.

இது நூறு வருஷத்துக்கு முன்பே ஓரளவு புரிந்துவிட்டது. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது டாக்டர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவார். தண்ணீர் சில்லென்று இருந்தால் ஆட்களுக்குத் தலை சுற்றும், கண்கள் ஒரு பக்கமாக ஓடும். சூடாக இருந்தால் மறுபக்கம் ஓடும். உடம்புச் சூட்டில் இருந்தால் ஒன்றும் இல்லை. நோயாளி முணுமுணுத்ததைக் காது கொடுத்துக் கேட்டதால் வந்த கண்டுபிடிப்பு இது. உள்காதைச் சோதிக்க இன்றும் அந்த முறையைச் செய்கிறார்கள். அவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது முதல் உலகப்போர். மனிதர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் வங்கியில் என்ன செய்வோம்? வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ 63 என்பதை 36 என்று மாற்றிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டால் வகுபட்டால் பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கலாம். சுலபமாக அகப்படுவதை முதலில் தேட வேண்டும், அதுதான் முறை. தலைசுற்றலிலும் அப்படித்தான். ஆனால் பல பேர் நேராகப் பல ஆயிரம் ரூபாய் ஸ்கேனுக்குப் போய்விடுகிறார்கள். சாதாரணத் தலைசுற்றல்களில் பெரும்பாலானவற்றை ஸ்கேன் காட்டாது. காட்டாதபோது "நார்மல்" என்று எழுதுவார்கள். ஸ்கேன் நார்மல் என்றால் ஸ்கேனில் தெரியும் வியாதி இல்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

முதலில் தேட வேண்டியது காதுக்குள் இருக்கும் மணல். உள்காதுப் பையில் கால்சியம் கார்பனேட் படிகங்கள், பொடி மணல் போல, ஒட்டியிருக்கும். வயதாகும்போதோ தலையில் அடிபட்டாலோ சில படிகங்கள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். படுக்கையில் புரண்டால், பரண் மேல் பார்த்தால், குனிந்து கோலம் போட்டால், ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக உலகமே சுற்றும். பிறகு நின்றுவிடும். இதற்குப் பெயர் பி.பி.பி.வி. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. உட்கார்ந்திருப்பவரின் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பார்கள். லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-இல் எழுதிவைத்த சோதனை.

சரி செய்வதும் அதேபோல்தான். தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பி, மணலை மறுபடி பைக்குள் உருட்டிவிடுவார்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, சில நிமிஷ வேலை. பெரும்பாலோருக்கு ஓரிரு தடவையில் தீர்ந்துவிடும். ஜான் எப்லி என்ற அமெரிக்க டாக்டர் 1980-இல் இதைச் செய்து காட்டியபோது கூடியிருந்த டாக்டர்களே நம்பவில்லை. தலையைத் திருப்பினால் நோய் போகுமா என்று கேட்டார்கள். அவருடைய கட்டுரை அச்சில் வர 1992 ஆனது. எனக்கு நாலு வருஷத்துக்கு முன் முதலில் வந்தது இந்த வகைதான். ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் பத்து நிமிஷத்தில் சரி செய்தார். ஆனால் யூடியூப் பார்த்து நீங்களே கட்டிலில் செய்ய வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பலன் இல்லை. கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் நிச்சயமாகச் செய்யக் கூடாது.

அடுத்தது எழுந்து நிற்கும்போது இறங்கும் பிரஷர். நம் எல்லோருக்கும் உட்கார்ந்தபடியே பிரஷர் பார்க்கிறார்கள். ஐந்து நிமிஷம் படுத்திருந்து ஒரு தடவை, எழுந்து நின்ற முதல் நிமிஷத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிஷத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும். மேல் அளவு 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் அளவு 10-ம் அதற்கு மேலும் இறங்கினால், உங்கள் தலைசுற்றலுக்கு ஒரு முக்கியத் தடயம் கிடைத்துவிட்டது. பிரஷர் மாத்திரை, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், இவை எல்லாம் இதைச் செய்யும். மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் நடக்கும். இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் அளவைக் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாவது, ரத்தம். பெண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. பாதிக்கு மேல். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும் ஒரு பெண் களைப்பு, கிறுகிறுப்பு என்று சொன்னால், "நேரத்துக்குச் சாப்பிடு" என்பதுதான் நம் வீடுகளில் கிடைக்கும் வைத்தியம். பிறகு தைராய்டு. பிறகு வைட்டமின் பி12. இது பால், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. கீரையில் இல்லை. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போடுகிறவர்கள், வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி மாத்திரையை மளிகைச் சாமான் போல மாதாமாதம் வாங்குகிறவர்கள், இந்த மூன்று கூட்டத்துக்கும் பி12 குறையலாம். குறைந்தால் கால் மரத்துப் போகும், தள்ளாடும், ஞாபகம் மங்கும். எனக்கு இந்த மூன்றில் இரண்டு பொருந்தின. சோதித்ததில் பி12 மிகவும் குறைவு. ஊசி போட்டு ஏற்றியபின் மந்தம் கால்வாசி குறைந்தது. மொத்தமும் போகவில்லை.

தலைவலியே இல்லாத ஒற்றைத் தலைவலி என்று ஒன்றும் உண்டு. கேட்கக் கேலியாக இருக்கும். மைக்ரேன் உள்ளவர்களுக்குச் சில சமயம் வலி வராமல் சுற்றல் மட்டும் சில நிமிஷம் முதல் மூன்று நாள்வரை வரும். சின்ன வயதில் மைக்ரேன் இருந்தவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். காது அடைத்து, இரைந்து, கேட்பது குறைந்து, மணிக்கணக்கில் சுற்றினால் மெனியர் நோயாக இருக்கலாம். ஆலன் ஷெப்பர்டைத் தெரியும்தானே, 1961-இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர். இந்த நோயால் அவரைப் பறக்கவே விடாமல் பல வருஷம் மேசை வேலையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 1971-இல் அப்பல்லோ 14-இல் போய் நிலாவிலேயே நடந்தார். நம் வீட்டம்மாவிடம் இதைச் சொன்னேன். "நீங்க மயிலம் மலைப்படி ஏறுங்க, அது போதும்" என்றாள்.

எல்லாம் தேடியும் வித்தியாசம் அகப்படாவிட்டால் வங்கியில் அந்தத் தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். அந்தக் கணக்கு குப்பைத்தொட்டி இல்லை. விளக்கம் கிடைக்கும்வரை ஒவ்வொரு ஆடிட்டிலும் அதைக் கேட்பார்கள். என்னைச் சிகிச்சை செய்த ஒரு இடத்தில், ஸ்கேனும் நார்மல், காதும் நார்மல், "வயசு ஆச்சு, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லிக் கணக்கையே மூடிவிட்டார்கள். இரண்டு வருஷம் அப்படியே போனது. என் கோபம் அதில்தான். தெரியவில்லை என்று சொன்னால் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள்.

அந்த இரண்டு வருஷம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அறை சுற்றாது. ஆனால் காலையிலிருந்து ராத்திரிவரை தரை லேசாக மிதக்கும். படுத்தால் சுகம், நின்றால் ஆட்டம். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் துணிக் குவியலும் ஜனங்களும் சேர்ந்து என்னைத் தள்ளுவதுபோல் இருக்கும். போனில் விரலால் படங்களைத் தள்ளிக்கொண்டே போனால் குமட்டும். மயிலம் சாலையில் கன்டெய்னர் லாரி கடந்தால் நான்தான் நகர்கிறேன் என்று தோன்றும். ஸ்கூட்டரை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் நோட்டில் படித்துப் பார்த்த ஒரு நரம்பியல் டாக்டர்தான் இதற்குப் பெயர் இருக்கிறது என்றார். பி.பி.பி.டி. முன்னது பி.பி.பி.வி., இது பி.பி.பி.டி. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறினாற்போல. தொடர்ந்து நீடிக்கும் தள்ளாட்ட உணர்வு என்று தமிழில் சொல்லலாம். மூன்று மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். நின்றால், நடந்தால், கண்முன் நிறைய அசைந்தால் கூட வேண்டும். 1980-களிலேயே ஜெர்மானிய டாக்டர்கள் இதை வேறு பெயரில் விவரித்திருக்கிறார்கள். நான் சொன்ன அந்தப் பாரனி பெயரில் இயங்கும் உலக மருத்துவர் சங்கம் 2017-இல் இதற்கு வரையறை வகுத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. அவ்வளவு புதுசு. நம் டாக்டர்களில் பலர் படிக்கும்போது பாடத்தில் இருந்திருக்காது. அவர்களை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது.

எப்படி வருகிறது? ஒரு கிளையில் ஒரு தடவை மோசடி நடந்துவிட்டது என்று வையுங்கள். மோசடி பிடிபட்டது, பணமும் திரும்பிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வவுச்சரையும் மூன்று பேர் பார்க்கச் சொல்லி உத்தரவு. நூறு ரூபாய்க்கும் மூன்று கையெழுத்து. கவுன்டரில் வரிசை தெருவரை நிற்கும். முதல் சுற்றல் தந்த பயத்தில் மூளை அந்த உத்தரவைப் போட்டுவிட்டு, ரத்து செய்ய மறந்துவிடுகிறது. காதை நம்பாமல் கண்ணையே நம்பும். கண்முன் கூட்டம் அசைந்தால் தடுமாறும். காதும் மூளையும் பழுதில்லை, அதனால் ஸ்கேனில் தெரியாது. வேலை செய்யும் முறைதான் மாறியிருக்கிறது. நோய் நிஜம். பதற்றம் இதைக் கூட்டும், இதுவும் பதற்றத்தைக் கூட்டும். அதற்காக "எல்லாம் மனப்பிரமை" என்று ஆகிவிடாது.

மண்டை மந்தமும் இதில்தான் புரிந்தது. நிற்பதற்கே மூளையின் பாதிக் கவனம் செலவானால் நினைப்பதற்கு என்ன மிஞ்சும்? நாலு பக்கக் கூட்டலை விரல் ஓட ஓடப் போட்டவன் நான். ஒரே பத்தியை மூன்று தடவை கூட்டி மூன்று விடை வருவதைப் பார்த்தேன். பேச்சு நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நழுவும். அப்பா கடைசிக் காலத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தவர். அதுதான் எனக்கும் தொடங்கிவிட்டதோ என்று ராத்திரியில் விழித்துக் கிடந்திருக்கிறேன். டாக்டர் ஞாபகச் சோதனை செய்தார். நிதானமாகக் கேட்டால் எல்லாம் வந்தது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

நான் நம் சங்கத்தின் பொருளாளர். உங்கள் சந்தா என் கையில் இருக்கிறது. அதனால்தான் போன வருஷம் நானாகவே குழுவிடம் சொல்லி, காசோலைக்கு இரண்டு கையெழுத்து, மாதக் கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பது என்று மாற்றச் சொன்னேன். ஏன் என்று சிலர் கேட்டீர்கள். காரணம் இதுதான். ஒரு தப்பும் நடக்கவில்லை, நடப்பதற்கு முன்பே செய்துவிட்டோம். கணக்கு வேலையைக் காலை பத்துக்குள் முடித்துவிடுவேன். மத்தியானத்துக்கு மேல் பண வேலை கிடையாது.

மந்தம் உள்ளவர்களுக்கு ஒரு வங்கிக்காரனாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மண்டை தெளிவாக இல்லாத நேரத்தில் பணம் பற்றிப் போனில் யார் பேசினாலும் வைத்துவிடுங்கள். ஓ.டி.பி., கே.ஒய்.சி., மின்கட்டணம் பாக்கி, எதுவானாலும் சரி. அவசரப்படுத்துவதுதான் ஏமாற்றுக்காரனின் மூலதனம், தடுமாறும் மூளைதான் அவனுக்கு வேண்டியது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

சிகிச்சை என்ன என்று கேட்பீர்கள். எனக்குப் பெரும்பகுதி உடற்பயிற்சிதான். கட்டைவிரலைக் கண்முன் நீட்டி, பார்வையை அதிலேயே வைத்துத் தலையை மட்டும் இடம் வலம் ஆட்ட வேண்டும். சுவரோரம் நின்று ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதம் வைத்து நடக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் தலையில் அடிபட்டவர்களுக்காக இங்கிலாந்தில் காதார்ன், குக்சி என்ற இருவர் 1940-களில் வகுத்த பயிற்சிகளின் வழிவந்தவை இவை. முதல் பத்து நாள் சுற்றல் கூடத்தான் செய்யும். கூட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கம் கொடுத்தால்தான் மூளை பழைய உத்தரவை ரத்து செய்யும். இதோடு சிறு அளவில் மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்றும் கொடுத்தார்கள். அது இந்த நோய்க்கும் பயன்படுவது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மாறாக, சுற்றலை அமுக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் போடாதீர்கள். சின்னரிசின், புரோக்ளோர்பெரசின் வகை. கடுமையான சுற்றலில் ஓரிரு நாளுக்கு அவை வரம். தொடர்ந்து போட்டால் மூளை தானாகச் சரி செய்துகொள்வதைத் தடுக்கும், மந்தமும் கூடும். வயதானவர்களுக்குக் கை நடுக்கம், உடல் இறுக்கம் வரைக்கும் போகலாம். சளி மாத்திரையும் தூக்க மாத்திரையும் மந்தத்துக்குக் கூட்டாளிகள். உங்கள் வீட்டு மாத்திரைகளை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே டாக்டர் மேசையில் கொட்டுங்கள்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நான் சொன்னதெல்லாம் நாள்பட்ட தலைசுற்றல். திடீரென்று சுற்றல் வந்து, கூடவே வாய் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், முகம் கோணினால், ஒரு கை கால் மரத்தால், பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டால், இதுவரை வராத தலைவலி வந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். எலுமிச்சம்பழம் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நமக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. சேதராப்பட்டிலிருந்து அங்கே போக அரைமணி சொச்சம்தான், வீட்டில் யோசிப்பதில்தான் நேரம் போகிறது.

நம் புதுச்சேரிக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. இங்கே ரோட்டில் ஒருவன் தள்ளாடினால் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு தடவை பஸ் நிறுத்தத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலை பதினொரு மணி. இரண்டு பையன்கள், "காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரு பெரிசு" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் நான். அந்தப் பக்கத்தில் எத்தனை குடிகாரர்கள் விழுந்து கிடந்தாலும், அதில் ஒருவர் சர்க்கரை இறங்கியவராக இருக்கலாம், பக்கவாதம் வந்தவராக இருக்கலாம். கிட்டே போய், "என்ன ஆச்சுங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கூட்டத்தில் வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே சேர்க்கிறேன்.

தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு தம்பி, ஷிப்ட் முடிந்து வந்தால் தலை கிறுகிறுப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பதாகவும் சொன்னார். தம்பி, நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. பெயின்ட், தின்னர், பசை போன்றவற்றின் ஆவி தலைசுற்றலும் மந்தமும் தரும். ராத்திரி ஷிப்டின் தூக்கக் குறைவும் தரும். எந்தப் பிரிவில் வேலை, என்ன வாசனை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், உங்கள் கம்பெனி ஈ.எஸ்.ஐ. வரம்பில் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அந்த அட்டை உங்கள் உரிமை.

கழுத்துப்பட்டை போட்டால் போகுமா என்று ஒரு அம்மா கேட்டார். நம் வயதில் யார் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும். தலைசுற்றலுக்கு அதுதான் காரணம் என்பது நிச்சயமில்லை. பட்டை போட்டுக் கழுத்தை அசைக்காமல் வைத்தால் மூன்றாவது புத்தகத்தையும் மூடி வைத்தது போலாகும். எலும்பு டாக்டர் சொல்லாமல் போட வேண்டாம்.

பித்தம்தானே, இஞ்சியும் எலுமிச்சையும் போதாதா என்றார் இன்னொருவர். குமட்டலுக்கு இஞ்சி நல்லது, நானும் குடிக்கிறேன். ஆனால் பித்தம் என்று பெயர் வைத்துவிட்டால் பி12-ஐயும் பிரஷரையும் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

உங்களுக்கு முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கடைசியாக ஒருவர் கேட்டார். இல்லை. முன்பு மாதத்தில் முப்பது நாளும் இருந்தது, இப்போது நோட்டின்படி எட்டு அல்லது ஒன்பது நாள். போன மாதம் சண்டே மார்க்கெட்டில் அரைமணி நேரம் சுற்றி, பேரனுக்கு ஒரு டி-ஷர்ட் பேரம் பேசி வாங்கினேன். ஸ்கூட்டரை இன்னும் திரும்பக் கேட்கவில்லை.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. இரண்டாம் தெருவில் சாக்கடைமேல் ஆடும் அந்தக் கற்பலகையை மழைக்கு முன் மாற்ற வேண்டும். நம் சங்க அறையின் ஐந்து படிக்கும் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். கொத்தனாரிடம் விலை கேட்டு வைத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் தருகிறேன்.

இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்க அறையில் பிரஷர் பார்க்கிறோம். நம் நகரிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். படுத்து ஒரு தடவை, நின்று இரண்டு தடவை பார்ப்பதால் ஒருவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். பாய் கொண்டு வாருங்கள், காபி குடிக்காமல் வாருங்கள், மாத்திரைப் பையையும் எடுத்து வாருங்கள்.